மானிய சைக்கிளில் பதினான்கு அம்புகள்

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையின் முன்னால் நிற்கிறேன். தைத்து வரும் பனியனை விரித்து, புரட்டி, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், உடம்புக்கும் கைக்கும் நிறம் ஒத்துப்போகாதது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் என் எண் அச்சிட்ட பச்சை வட்டம். என் எண் முப்பத்தொன்று. பச்சை ஒட்டிவிட்டால் அந்தப் பனியனுக்கு நான் ஜவாப்தாரி. பெட்டிக்குள் போன பிறகு ஒரு குறை தென்பட்டாலும், முப்பத்தொன்று எங்கே என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கூப்பிட்ட தடவைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப் போவதில்லை.

இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காது. மூலனூரிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் பையனின் சம்பளத்தையும் தோட்டத்தையும் விசாரித்துக்கொண்டிருக்க, நான் காபி கொடுக்கும்போதே அவர் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருப்பதைச் சொல்லிவிட்டேன். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டு, அடுத்த முறை வேறு சட்டையில் வருவதாகச் சொன்னார். அந்தச் சிரிப்புக்காகத்தான் பெண் கொடுத்தோம் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார். வீட்டுக்காரர் மேல் என்னென்ன குறை கண்டேன் என்று எழுதினால் இந்தப் பக்கங்கள் போதாது. அவரும் முப்பது வருடமாக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு குன்னத்தூருக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறது. கம்பெனி ஒன்பது கிலோமீட்டர். காலை ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேன் வரும். எட்டரைக்கு வேலை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிந்துவிடும். ஆனால் அது சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான். வேன் கிளம்புவது ராத்திரி எட்டரைக்கு, அரை ஷிப்ட் கூடுதலாகப் பார்த்த பிறகு. எங்கள் ஊர் டவுன் பஸ் நாலரைக்கு ஒன்று, அடுத்தது ஏழே முக்காலுக்கு. ஆக வேனில் வருபவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட்தான் ஒரு நாள். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பு என்று சொல்லத்தான் செய்வார்கள், எதில் கிளம்புவது என்றுதான் யாரும் சொல்லமாட்டார்கள்.

மகள் படிக்கும் வரை அந்த அரை ஷிப்ட் காசு தேவைப்பட்டது. கல்யாணம் வரையும் தேவைப்பட்டது. அதெல்லாம் முடிந்த பிறகும் நான் வேனில்தான் இருந்தேன். ஒரு நாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வரும்போது, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் என் வீட்டைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் கணக்கில் சேராது. அன்றைக்குத் துணி, அரிசி மாவு, சொந்தக்காரர்கள். நான் சொல்வது சும்மா வருகிற சாயங்காலம். செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம். அது எனக்கு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசைக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஏதாவது பெரிதாகச் செய்யப்போகிறேனா என்று கேட்டால், இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அரை ஏக்கர் முருங்கையும் சில ஆடுகளும் உண்டு. வார நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடுகளைக் கட்டிவிட்டு, அவரே டீ வைத்து, பட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடிப்பார். இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அதன் மேல் உட்காருவார். ஒற்றை நாற்காலி அவர் கனத்துக்கு வளையுமாம். இதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். நான் வீடு சேரும்போது மணி ஒன்பது.

இந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் மின்சார மிதிவண்டி வாங்க அரசு மானியம். இதற்கு முன்னால் ஸ்கூட்டருக்கு மானியம் கொடுத்த காலத்தில் நானும் ஆசைப்பட்டேன். அதற்கு லைசென்ஸ் வேண்டும். எட்டுப் போடச் சொன்ன இடத்தில் மூன்று தடவை காலை ஊன்றினேன், நான்காவது தடவை வேலியில் போய் நின்றேன். அந்த ஆசை அங்கேயே முடிந்தது. மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், எட்டும் வேண்டாம். மிதிக்கலாம், மிதிக்க முடியாவிட்டால் மோட்டாரே இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி செல்போன் மாதிரி சார்ஜ் போட்டால் போதும். சைக்கிள் எனக்கு எட்டு வயதிலிருந்து ஓட்டத் தெரியும்.

"வாங்கிப் போடு அம்மிணி. உன்ற ஆசையக் கெடுப்பானே," என்றார் வீட்டுக்காரர்.

"அரை ஷிப்ட் காசு போயிருமுங்க."

"போனாப் போகுது. ரெண்டு ஆட்ட வித்தர்லாம்."

விற்றோம். மனு போட்டேன். அதில் சில நிபந்தனைகள் இருந்தன. பட்டியலில் உள்ள கடையில் புது வண்டியாக வாங்க வேண்டும். நம் பங்கைக் கட்டினால் கடைக்காரர் வண்டியை வீட்டில் இறக்கிவிடுவார், மானியப் பங்கு அவருக்குப் பிறகு வரும். ஆனால் அதிகாரி நேரில் வந்து வண்டியைப் பார்த்து, நம்மோடு சேர்த்துப் படம் எடுத்து, அது மேலே போய் ஒப்புதல் வரும் வரை வண்டியை ஓட்டக் கூடாது. ஒப்புதல் வராவிட்டால் வண்டி கடைக்கே திரும்பிவிடும். என் செவ்வாய்க்கிழமைச் சாயங்காலமும் அதோடு திரும்பிவிடும்.

பட்டியலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது குன்னத்தூரில் ஒரு கடை. அதன் முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் முன்பு அதே கடையில் செகண்ட்ஸ் பனியன் விற்றவர். ஏற்றுமதிக்குத் தேறாத பனியன்களைக் கட்டாக வாங்கி வந்து பிரித்து விற்பார். மின்சார வண்டிக்கு மாறிய பிறகு போர்டை மேலே பெயின்ட் அடித்து மாற்றினாலும், வெயில் படும்போது பழைய எழுத்து உள்ளேயிருந்து தெரியும். நல்ல மனிதர். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். நீல நிறம். முன்னால் கம்பிக் கூடை.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து, வண்டியை வாசலில் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. மட்கார்டில் ஒரு கீறல். தண்டு சேரும் இடத்தில் வெல்டிங் புடைத்திருந்தது. பின்பக்கத்தில் பெயின்ட் கண்ணீர் மாதிரி ஒழுகிக் காய்ந்திருந்தது. பெல்லின் திருகு லூசு. சீட்டின் அடிப்பக்கத்தில் நாலு தையல் விட்டுப்போயிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது, நம்ம ஊர்க் குறையாயிற்றே. முன் பிரேக்கின் கம்பி அதன் பிடிப்பில் சரியாக உட்காரவில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு தாள் சிவப்பு அம்பு கிடக்கும். எடுத்து ஒட்டிக்கொண்டே போனேன். மொத்தம் பதினான்கு.

வீட்டுக்காரர் ஆட்டுக்குத் தழை எடுத்துப்போகிற வழியில் நின்று பார்த்தார். "எனக்கொண்ணு குடு," என்று கையை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"இருக்கட்டும், குடு."

கேலிதான் என்று நினைத்து ஒன்றை உரித்து அவர் விரல் நுனியில் ஒட்டிவிட்டேன். விரலைத் தூக்கிப் பிடித்தபடியே பட்டிப் பக்கம் போய்விட்டார்.

பாய்க்குப் போன் போட்டேன். திருப்பூர் ராயபுரத்தில் சொந்தத்தில் கல்யாணம், திங்கட்கிழமை மத்தியானம் வந்து எல்லாவற்றையும் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தது புதன்கிழமை. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அதிகாரி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். அரசாங்கம் சொன்ன நாளுக்குப் பிறகு வந்துதான் கேள்விப்பட்டிருக்கிறேன், முன்னால் வந்து கேள்விப்பட்டதில்லை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, நேராக வண்டியிடம் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது ரிஜெக்ட் பீஸுங்களா?"

வேறு ஊராக இருந்தால் யாரோ குழந்தை ஸ்டிக்கர் ஒட்டி விளையாடியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். திருப்பூர்க்காரருக்குச் சிவப்பு அம்பைப் பார்த்தால் ஒரே நினைப்புதான். தேறாத சரக்கு.

"ஐயோ, புதுசுங்க. சனிக்கெழமதான் வந்துச்சு. அம்பு நாந்தாங்க ஒட்டுனேன்."

"நீங்க எதுக்குங்க ஒட்டுனீங்க?"

"குறை இருந்துச்சுங்க. அதான்."

அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். என் வாய் அப்படிப்பட்டதல்ல. நான் விளையாட்டுக்கு ஒட்டவில்லை, ஒவ்வொரு அம்புக்கும் கீழே உண்மையிலேயே குறை இருக்கிறது என்று நிரூபிக்கிற வேகத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இது கீறலுங்க, இது வெல்டிங்குங்க, இங்க தடவிப் பாருங்க, கையில தட்டுதா. பதினோராவது அம்புக்கு வந்தபோது வீட்டுக்காரர் பலமாக இருமினார். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

"அக்கா, புது வண்டியில இத்தன இருக்குமாங்க?" என்று அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "குன்னத்தூர்க் கடைதானுங்களே? அது முன்ன செகண்ட்ஸ் கடை. பழசையோ கழிச்சதையோ உங்க தலையில கட்டியிருந்தா நட்டம் உங்களுக்குத்தானுங்க. நான் பாஸ் பண்ணிட்டுப் போய்ட்டா நாளைக்கு யாரக் கேப்பீங்க?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்காகத்தான் பேசினார். படம் எடுக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். "வண்டி புதியது, குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்டிருந்தது. கீழே கடைக்காரர் முத்திரைக்கும் என் கையெழுத்துக்கும் இடம். அடுத்த திங்கட்கிழமை திரும்ப வருவதாகவும், அன்றைக்கும் தாள் தயாராக இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் வந்த பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பிரியாணிப் பொட்டலத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து எங்களுக்காகக் கொண்டுவந்தது அது.

"செகண்ட்ஸ் வித்தப்பக்கூட செகண்ட்ஸ்னு போர்டு வெச்சுத்தாங்க்கா வித்தேன்," என்றார். "ஒரு நாளும் அதப் புதுசுன்னு சொன்னதில்ல. இப்ப என்ற வண்டியில நீங்களே அம்ப ஒட்டி, அதிகாரிக்கும் காட்டியிருக்கறீங்க."

"குறை இருந்துச்சுங்களே பாய்."

"இருந்துச்சுன்னா என்னயக் கூப்புட்டுச் சொல்றது. சொன்னீங்க, வந்தனா இல்லியா? குறையில்லீன்னு மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க. அப்பறம் நான் முத்திர வெக்கறேன்."

பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதைப் பிரித்துச் சாப்பிட்டோம். பிரியாணி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்துப் போடுவது எவ்வளவு நேரம். ஒரு நொடி. வீட்டுக்காரர் போடச் சொன்னார். நான் பேனாவை எடுப்பேன், "குறையின்றி" என்ற சொல்லைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அது வெறும் அச்சடித்த தாள்தான், எல்லோரும் படிக்காமலே போடுகிற கையெழுத்துதான். ஆனால் குறை தெரிந்தும் ஒரு பீஸைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை. அவசர ஆர்டரின்போது மேலே இருப்பவர்கள் கண்ணைக் காட்டியபோதும் அம்பை ஒட்டியே தீர்த்திருக்கிறேன். இப்போது என் சொந்தச் சாயங்காலத்துக்காக என்று வந்ததும் கை போகிறதா என்று எனக்கு என் மேலேயே கோபம். போடாவிட்டால் வண்டி போய்விடும் என்று நினைத்தால் அதற்கும் அழுகை வந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேனில் யாரோடும் பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று வேன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

வியாழக்கிழமை மேசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நிற்பவள் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், எண் முப்பத்திரண்டு. நான் அம்பு ஒட்டித் தள்ளிய பனியன்களை அவள்தான் இரண்டு பெட்டியாகப் பிரிப்பாள். ஒன்று ஆல்ட்டர், தையலுக்குத் திருப்பி அனுப்பிச் சரிசெய்வது. இன்னொன்று ரிஜெக்ட், எதுவும் செய்ய முடியாதது. கதை முழுவதையும் அவளிடம் கொட்டினேன். அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சரிக்கா, அந்தச் சைக்கிளு எந்தப் பொட்டி?" என்றாள்.

"என்ன எந்தப் பெட்டி?"

"ஒட்டுனீக. பிரிச்சீகளா?"

நான் பிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அம்பு ஒட்டுகிறவளுக்கு அது மறந்துபோயிருந்தது. அம்பு என்றால் கழித்துவிடு என்று அர்த்தமில்லை. இங்கே பார் என்றுதான் அர்த்தம். ஒட்டின பத்தில் ஒன்பது ஆல்ட்டர் பெட்டிக்குப் போய், சரியாகித் திரும்பி வந்து, என் கையாலேயே பச்சை வட்டம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுகின்றன. அதை அந்த அதிகாரிக்கு நான் சொல்லவே இல்லை. குறையைக் காட்டுகிற அவசரத்தில் பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு நின்றிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் பாய்க்குப் போன் செய்தேன். "பாய், உங்க வண்டி ரிஜெக்ட் இல்லீங்க. ஆல்ட்டர்," என்றேன்.

இத்தனை வருடம் பனியன் கட்டைப் பிரித்து விற்றவருக்கு அந்த ஒரு சொல் போதும். "ஞாயித்துக்கெழம காத்தால வர்றனுங்க்கா," என்றார். குரலில் பழைய மரியாதை வந்திருந்தது.

சொன்னபடி பையோடு வந்தார். நான் ஒவ்வொரு அம்பாகக் காட்ட, அவர் உட்கார்ந்து சரிசெய்தார். முதலில் முன் பிரேக். கம்பியைப் பிடிப்பிலிருந்து கழற்றிப் பார்த்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது நல்லதில்லீங்க்கா. எறக்கத்துல புடிக்காமப் போயிருக்கும். நீங்க பாத்தது நல்லதாப் போச்சு," என்றார். கம்பியை மாற்றி, மூன்று தடவை தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பெல்லின் திருகை முறுக்கினார். வெல்டிங் புடைப்பைத் தேய்த்து நீலம் தடவினார். சீட்டின் தையலை அவரிடம் விடவில்லை, ஊசி நூல் எடுத்து நானே போட்டேன். ஒவ்வொன்று முடிந்ததும் அந்த அம்பை உரித்து எடுத்தேன். கடைசியில் ஒழுகின பெயின்டும் இன்னும் இரண்டு கீறலும் மிஞ்சின. அவற்றை எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. அந்த அம்புகளையும் எடுத்துவிட்டேன்.

பிறகு கைப்பையிலிருந்து பச்சை வட்டத்தை எடுத்து, சீட்டுக்குக் கீழே, தண்டில், மழை படாத இடமாகப் பார்த்து ஒட்டினேன். முப்பத்தொன்று. பாய் அதைப் பார்த்தார், பைக்குள்ளிருந்து கடை முத்திரையை எடுத்துத் தாளில் ஓங்கிக் குத்தினார்.

மறுநாள் அதிகாரி சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். அம்பு ஒட்டியிருந்த ஒவ்வொரு இடத்தையும் ஞாபகம் வைத்துத் தொட்டுப் பார்த்தார். இவரும் நம் ஜாதிதான், செக்கிங் ஜாதி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குனிந்தவர் பச்சை வட்டத்தைக் கண்டுவிட்டார்.

"இது உங்க நெம்பருங்களா?"

"ஆமாங்க. நாளைக்கு இதுல ஒண்ணுன்னா என்னயத்தாங்க கேக்கோணும். பாயக் கேக்க வேண்டியதில்ல, உங்களையும் கேக்க வேண்டியதில்ல."

தாளைக் கேட்டார். பாயின் முத்திரை இருந்தது, என் இடம் காலியாக இருந்தது. "ஏனுங்க, கையெழுத்து?"

"போடறனுங்க. ஆனா குறையின்றின்னு மட்டும் போட்டா பொய்யாயிருமுங்க. கீழ ஒரு வரி எழுதிக்கட்டுங்களா?"

அவர் தயங்கினார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண் பேனாவைத் திறந்து நீட்டினார். நான் எழுதினேன்: சிறு குறைகள் இருந்தன. சரிசெய்து, பார்த்து, மனதார ஏற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.

"எங்கம்மாவும் செக்கிங்தானுங்க, ராயபுரத்துல," என்றார். "ஊட்ல ஒரு தோசைய நிம்மதியாத் திங்க முடியாது."

முதல் தடவையாக அவர் சிரித்தார். நானும் வீட்டுக்காரரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நிற்க, படம் எடுத்தார். படத்தில் நான் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒப்புதல் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அது வரை வண்டி வீட்டுக்குள்தான் நின்றது. தினமும் ஒன்பது மணிக்கு வந்து அதன் பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். சனிக்கிழமை போனில் செய்தி வந்தது. வேனில் எல்லோருக்கும் காட்டினேன். டிரைவர், ஜன்னல் சீட்டுக்கு இப்போதே இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள் என்றார். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துச் சீட்டு.

திங்கட்கிழமை சைக்கிளில் போனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, முப்பத்திரண்டிடம் சொல்லிக்கொண்டு, கேட்டைத் தாண்டினேன். வெளியே வெயில் இருந்தது. அதைப் பார்த்து ஒரு நிமிடம் தடுமாறிப்போனேன். கம்பெனி வாசல் டீக்கடையில் சாயங்காலம் வடை போடுவதே எனக்குத் தெரியாது. நான் வெளியே வரும் நேரத்தில் அவர்கள் அடுப்பை அணைத்திருப்பார்கள். பெருமாநல்லூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. மிதித்தேன், மேட்டில் மோட்டார் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. சோளக்காட்டு மேல் வெளிச்சம் சாய்ந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போட்டிக்கு வந்தார்கள், ஜெயிக்க விட்டேன். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன், நன்றாகப் பிடித்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று பிறகு எதிரில் வந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்காரரிடம் புகார் சொன்னாராம்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பட்டிக்குப் போனேன். அவர் இரட்டை நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சொல்லி வைத்த நாள்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் என்னைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

"வந்துட்டியா," என்றார். "இரு, சேர் போடறேன்."

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்த நாற்காலிகளை இழுத்துப் பிரித்தார். மேலே இருந்ததைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அடியில் இருந்ததை என் பக்கம் தள்ளினார். அதன் முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. உட்காரும் இடத்தைக் காட்டிக்கொண்டு, கொஞ்சம் கோணலாக. ஒரு மாதத்துக்கு முன்னால் நான் அவர் விரல் நுனியில் ஒட்டிவிட்டது.

என் கை தானாக நாற்காலியைத் தடவிப் பார்த்தது. விரிசல் இல்லை, கால் நொண்டவில்லை. "இதுல என்னுங்க குறை?" என்றேன்.

"சேருக்கு ஒரு குறையும் இல்ல," என்று அவர் டீயை ஊற்றினார். "ஆறு மணிக்கு உக்காற ஆளில்லாம இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு ஆட்டைப் பார்த்துச் சிரித்தார். நகத்தால் அம்பை உரித்து எடுத்தேன். பசை கொஞ்சம் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. வேறு நாளாக இருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு, போகிற வரை தேய்த்திருப்பேன். அன்றைக்கு அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து டீயைக் குடித்தேன்.